இரட்டைக் குழலுக்கு நியாய விலை

பழைய வேட்டைத் துப்பாக்கிகளை விற்க வருகிறவர்களை மதுரை வியாபாரிகள் ஏமாற்றுகிறார்கள் என்று எழுபதுகளின் கடைசியில் ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகமாக வருத்தப்பட்டவர்கள் துப்பாக்கி வியாபாரிகள்தான். வருத்தத்தோடு நிற்காமல் அவர்களே ஒன்றுகூடி 'மதுரை வட்டாரப் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் நியாய விலை நிர்ணயக் குழு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் வியாபாரிகள். பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அழகுமலை என்ற வியாபாரியின் சகலையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குத் துப்பாக்கியைப் பார்த்தாலே பயம். எனவே நடுநிலைக்குக் குறைவு வராது என்று நம்பினார்கள்.

தலைவர் சத்தியசீலன் ஓய்வு பெற்ற தாசில்தார். பணியில் இருந்தபோது எந்த மனுவையும் நிராகரித்ததில்லை என்று பெயர் வாங்கியவர். எதையும் முடித்ததும் இல்லை என்பதை அவருடைய பிரிவுபசார விழாவில் யாரும் சொல்லவில்லை.

குழுவின் அலுவலகம் அழகுமலையின் துப்பாக்கிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. பச்சைப் பெயின்டில் போர்டு, போர்டின் நடுவே தராசுப் படம். இது அரசாங்க ஆபீஸா தனியார் ஆபீஸா என்று யாரும் கேட்டதில்லை. போகிறவர்களை யாரும் உட்காரச் சொல்லாததால் அரசாங்கமாகத்தான் இருக்கும் என்று அவரவரே முடிவு செய்துகொண்டார்கள்.

எங்கள் ஊர் நல்லகாமனும் அப்படித்தான் முடிவு செய்துகொண்டார்.

எங்கள் ஊர் அலங்காநல்லூரைத் தாண்டி வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. நல்லகாமனுடைய அண்ணன் விருமாண்டி இளவட்டத்தில் மலைமேல் ஒரு வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட்டில் காவல் வேலை பார்த்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய இரட்டைக் குழல் ரைபிளை அவருக்குக் கொடுத்து, பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸும் வாங்கித் தந்துவிட்டுப் போனார். லண்டனில் கையால் செய்தது. வழவழப்பான வால்நட் மரக் கட்டை. விசைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளித் தகடு, அதில் ஒரு கலைமான் திரும்பிப் பார்த்தபடி நிற்கும். அதன் கொம்பில் இருக்கும் வளையங்கள்கூடத் தெரியும். துப்பாக்கி என்றால் பயப்படுகிற பெண்களும் அந்த மானைப் பார்ப்பதற்காக விருமாண்டி வீட்டுக்கு வருவார்கள்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் விருமாண்டி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. மனைவி சீனியம்மாள், கல்யாணமே செய்துகொள்ளாத தம்பி நல்லகாமன், ஒரு எலுமிச்சைத் தோப்பு, ஒரு கிணறு. அந்தத் தோப்பின் கன்றுகளைப் புருஷனும் பெண்சாதியும் மலையிலிருந்து கூடையில் வைத்துத் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுவந்து நட்டவர்கள். சீனியம்மாள் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் கஞ்சி குடிப்பதற்கு அந்த மரங்கள்தான் ஆதாரம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. தை பிறந்ததும் கிணற்றில் தரை தெரிந்தது. அடியில் பாறை. வெடி வைத்து இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஊற்றுக் கிடைக்கும் என்று கிணறு வெட்டுகிறவர்கள் சொன்னார்கள். ஏழாயிரம் ரூபாய் கேட்டார்கள். வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். லைசென்ஸ்காரர் இறந்த பிறகு அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கடையில் ஒப்படைத்து விற்றுவிடுங்கள் என்று போலீஸ் ஏட்டும் சொல்லியிருந்தார். கோடைக்குள் துப்பாக்கியை விற்றுக் கிணற்றை இறக்கிவிட்டால் மரங்கள் பிழைத்துக்கொள்ளும். நல்லகாமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

அழகுமலை அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்தார். சாக்கைப் பிரித்ததும் அவருடைய கை தானாகப் போய் வெள்ளித் தகட்டைத் தடவியது. உடனே சுதாரித்துக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர் போல முகத்தை மாற்றிக்கொண்டார்.

"ரொம்பப் பழைய சாமானா இருக்கேண்ணே."

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இதே மாதிரி இன்னொரு இரட்டைக் குழல் இருந்தது. அதில் தொங்கிய அட்டையில் முப்பதாயிரம் என்று எண்ணில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் நல்லகாமனுக்குக் கிணற்றில் தண்ணீர் ஏறுவது போலவே இருந்தது.

"மொதலாளி, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறதும் இதும் ஒண்ணு போலத்தான இருக்கு? அதுக்கு அம்புட்டுப் போட்டிருக்கே?"

"நல்லாப் பாருங்கண்ணே. அது நான் விக்கிற துப்பாக்கி. இது நான் வாங்குற துப்பாக்கி. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

நல்லகாமன் இரண்டையும் மாறி மாறி உற்றுப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. நாலு எழுத்துப் படிக்காமல் போனதுதான் காரணம் என்று வெட்கப்பட்டார்.

"அப்ப நீங்களே ஒரு வெல சொல்லுங்க மொதலாளி."

"அய்யய்யோ! நான் சொன்னா ஏமாத்திட்டான்னு ஊர் சொல்லும். மேல குழு இருக்கு. நியாயம் அங்கதாண்ணே இருக்கு. மாடிப்படி இந்தப் பக்கம். துப்பாக்கி எங்கிட்டயே இருக்கட்டும், பத்திரமாப் பாத்துக்கிறேன்."

குழு அஷ்டமி நவமியில் கூடாது. முகூர்த்த நாளில் உறுப்பினர்கள் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். மீதி நாட்களில் ஒருநாள் பார்த்து, மாசி மாதம் முதல் கூட்டம் நடந்தது. துப்பாக்கியை மேஜைமேல் வெல்வெட் துணியில் கிடத்தினார்கள். சத்தியசீலன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். நுனிக்கு வந்ததும் நின்றுவிட்டார். குறி பார்க்கும் சின்ன முள்ளைச் சுற்றி, குழலின் கருநீல மெருகு போய் ஒரு வளையம் வெளுத்திருந்தது.

"இது என்ன?"

"எலுமிச்சம்பழம் குத்துனதுங்கய்யா."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுதம் வைத்திருந்த ஆள் செத்துப்போனால், காரியம் முடிந்ததும் அவருடைய ஆயுதத்தைக் கருப்பசாமி முன்னால் சாத்தி, சந்தனம் பூசி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி ஒரு ராத்திரி வைப்பார்கள். அரிவாளுக்கும் வேல்கம்புக்கும் செய்து வந்ததை, நல்லகாமன் அண்ணனின் துப்பாக்கிக்கும் செய்தார். தோப்பிலேயே பெரிய பழமாகப் பறித்துக் குத்தினார். சாறு வழிந்து விடியவிடிய இரும்பில் ஊறியிருக்கிறது. அண்ணனுக்குச் செய்கிற மரியாதையில் குறை வைக்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் அன்றைக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும் உறுப்பினர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு கலைப்பொருளின் முகத்தில் அமிலம் ஊற்றியிருக்கிறீர்கள்" என்றார் சத்தியசீலன். "பக்தியோடு ஊற்றியிருக்கிறீர்கள் என்பதை இந்தக் குழு கவனத்தில் எடுத்துக்கொள்கிறது. மற்ற வியாபாரிகளாக இருந்தால் இந்த இடத்திலேயே விலையைக் குறைத்திருப்பார்கள். நாங்கள் அவசரப்பட்டுக் குறைக்க மாட்டோம். நிதானமாகத்தான் குறைப்போம்."

நல்லகாமன் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஊருக்கு வந்தபோது சீனியம்மாள் தோப்பில் இருந்தாள். கண்மாய்ப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்த கலங்கல் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து, ஒருநாளைக்குச் சில மரங்கள் என்று முறை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன கொழுந்தனாரே சொன்னாக?"

"நிதானமாப் பாக்குறாக மதினி. பெரிய மனுசங்க. தப்பு நம்ம மேலதான் இருக்கு."

"அவுகளுக்கு நிதானம் இருக்கு. இந்த மரத்துகிட்ட யாரு போயி நிதானமா இருன்னு சொல்றது? ஒண்ணுக்கு ஊத்துனா பக்கத்துல நிக்கிறது என்னயப் பாக்குது."

பங்குனியில் இரண்டாவது கூட்டம். வேட்டைத் துப்பாக்கியின் மதிப்பு அது என்னென்ன விலங்குகளை வீழ்த்தியது என்பதைப் பொறுத்தது என்று ஒரு உறுப்பினர் ஆரம்பித்தார். அதற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் விலையைக் கூட்டலாம் என்றார். அத்தாட்சி கொண்டுவந்தால் வனச் சட்டப்படி வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று இன்னொருவர் நினைவுபடுத்தினார். இரண்டுமே நியாயமாக இருக்கிறது என்று தலைவர் எழுதிக்கொண்டார்.

"உங்கள் அண்ணன் என்னென்ன சுட்டிருக்கிறார்? தைரியமாகச் சொல்லுங்கள்."

"எதையும் சுட்டதில்லைங்கய்யா" என்றார் நல்லகாமன். "காட்டுப்பன்னி எறங்குச்சுன்னா வானத்தப் பாத்து ஒண்ணு போடும். அதுக ஓடிப் போயிரும். அதுகளுக்கும் வயிறு இருக்குல்லடா தம்பின்னு சொல்லும் எங்கண்ணே."

சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறுப்பினர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வேறு காரணத்துக்காக.

"வானத்தைச் சுட்ட துப்பாக்கிக்கு நம்மிடம் விதி இல்லையே!" என்றார் சத்தியசீலன். "ஒரு விலங்கைக்கூடக் கொல்லத் தெரியாத துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கி என்று எப்படிச் சொல்வது? அதுவும் வேட்டைக்கே தடை வந்த பிறகு? உபயோகப்படுத்தவே கூடாத ஒரு பொருளை, உபயோகப்படுத்தியே இராத ஒருவரிடமிருந்து வாங்குகிறோம். இதில் குழு அடைகிற மன வேதனையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்."

மன வேதனையை ஆராய்வதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவுக்கு அழகுமலையே அமைப்பாளர். ஆராய்ச்சிக்கு வசதியாகத் துப்பாக்கி அவர் கடையிலேயே இருந்தது. இருந்த நாளுக்கெல்லாம் பாதுகாப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது.

சித்திரையில் நகரமே திருவிழாவில் இருந்ததால் குழு கூடவில்லை. வைகாசியில் தலைவர் கொடைக்கானலில் இருந்தார். ஆனாலும் நல்லகாமன் போகாமல் இருக்கவில்லை. கூட்டம் இல்லாத நாளிலும் போய் மாடிப்படியில் நின்றுவிட்டு வருவார், நாம் நிற்பதைப் பார்த்தாவது யாருக்காவது ஞாபகம் வரும் என்று. பஸ்ஸுக்குக் காசு இல்லாத நாட்களில் அலங்காநல்லூர் வரை நடந்துவந்து, அங்கே யாரிடமாவது கைமாற்று வாங்கிக்கொண்டு போனார். அந்த மனுஷன் அதற்கு முன்னால் எவரிடமும் கை நீட்டி நாங்கள் பார்த்ததில்லை.

தோப்பில் இலைகள் சுருண்டு கொட்டத் தொடங்கியிருந்தன. காய்கள் சுண்டைக்காய் அளவிலேயே வெம்பி விழுந்தன. கண்மாய்ப் பள்ளமும் வற்றிப்போனபின், குடிக்கத் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் பாதியைச் சீனியம்மாள் மரத்துக்குக் கொண்டுபோனாள்.

ஆனியில் கூட்டம் நடந்தபோது நல்லகாமனுக்குப் பொறுமை போய்விட்டது. கோபமாகக்கூட வரவில்லை, அழுகையாகத்தான் வந்தது.

"ஐயா, என்ன வெலயாச்சும் போட்டுக் குடுங்கய்யா. மரம் சாகுதுய்யா. எங்க மதினி குடிக்கிற தண்ணியில மரத்துக்கு ஊத்துது."

இதைக் கேட்டுச் சத்தியசீலன் உண்மையாகவே புண்பட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசியதை அப்படியே தருகிறேன்.

"என்ன விலையாவதா? உங்களைப் போன்றவர்கள் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்தது. சம்மதித்து வருகிற ஆளை ஏமாற்ற நாங்கள் என்ன சாதாரண வியாபாரிகளா? நாங்கள் லாபம் என்ற சொல்லையே ஒழித்துவிட்டோம். இப்போது அதற்குச் சிரமப்படி என்று பெயர். விற்கிறவர் மனம் கலங்கக் கூடாது என்பதற்காக விலையை அவருக்குக் கடைசியில்தான் சொல்கிறோம். வாங்குகிறவர் மனம் கலங்கக் கூடாது என்பதற்காக அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் மரம் சாகிறது என்கிறீர்கள். அதற்காக நியாயத்தைச் சாக விடலாமா?"

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். சகலையும் தட்டினார். வாங்கப் போகிறவருக்கு விலை ஏற்கெனவே தெரியும் என்று அந்தப் பேச்சில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருந்தது. அது உறைக்க வேண்டியவர் நல்லகாமன் ஒருவர்தான், அவருக்கு உறைக்கவில்லை.

ஆடி மாதம் குழுவின் ஆண்டு விழா, ஒரு கல்யாண மண்டபத்தில், மைக்செட் வைத்து நடந்தது. அன்றைக்கே விலை அறிவிக்கப்படும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நல்லகாமன் விடிகாலையிலேயே கிளம்பினார். தோப்பைத் தாண்டும்போது மரங்கள் மொட்டையாக நின்றன. ஆனாலும் ஒரு கிளையைக் கீறிப் பார்த்துவிட்டு, "பட்டைக்கடியில பச்சை இருக்கு மதினி. இன்னைக்கிப் பணத்தோட வாரேன். நாளைக்கே வெடி வச்சிரலாம்" என்றார். சீனியம்மாள் அவருடைய சட்டைக் காலர் கிழிந்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடையில் நல்லகாமனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். குழு அவருக்கு நாற்காலி கொடுத்தது அதுதான் முதல் தடவை. 'முன்மாதிரி விற்பனையாளர்' என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். இவ்வளவு பொறுமையான ஒருவரை இந்தக் குழு தன் வரலாற்றில் கண்டதில்லை என்று சத்தியசீலன் பேசினார். நியாய விலை இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று மைக்கில் அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அதில் பாதுகாப்புக் கட்டணம், எண்ணெய் போட்ட கூலி, கூட்டத்துக்கு வந்த காப்பி, துணைக்குழுவின் வேதனை, பொன்னாடை எல்லாம் கழித்துக்கொண்டு மீதியைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கவரைப் பிரித்துப் பார்த்தபோது அறுநூற்றுச் சொச்சம் இருந்தது.

நல்லகாமன் பொன்னாடையோடு நேராக அழகுமலையின் கடைக்குப் போனார். ஏதோ கணக்குத் தப்பாகிவிட்டது, சொன்னால் சரி செய்துவிடுவார்கள் என்று அவர் அப்போதும் நினைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணனின் துப்பாக்கி இருந்தது. அட்டையில் நாற்பதாயிரம். எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டபோது, எண்ணுக்குக் கீழே இருந்ததை அவர் படித்துச் சொன்னார்: 'கிராம தேவதைக்குச் சாத்திப் பூசித்தது. நுனியில் அபூர்வமான பூசை வளையம். ஒருமுறைகூட ரத்தம் படாதது. வேட்டைக்குத் தடை வந்துவிட்டதால் இனிமேல் கிடைக்காதது.'

"மொதலாளி, இதுக்கெல்லாம்தான வெலயக் கொறச்சாக?"

அழகுமலை அவர் தோளில் கை போட்டார். "அண்ணே, நான் அன்னைக்கே சொன்னேன்ல? அப்ப அது வாங்குற துப்பாக்கி. இப்ப விக்கிற துப்பாக்கி."

"இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுத்தா கெணறு வெட்டிருவேன் மொதலாளி."

"குடுக்கலாம்ணே. எனக்கு மனசு இல்லாமலா? ஆனா குழு வச்ச வெலக்கு மேல ஒரு ரூவா குடுத்தாலும் அது அநியாயமாயிருமே."

நல்லகாமன் தகட்டில் இருந்த மானைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இதை எழுதும்போது எனக்குத் தெரிகிற பதில்கள் பத்து இருக்கின்றன, அவற்றால் அவருக்கு அன்றைக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது.

சாயங்காலம் ஊரில் இறங்கி நடந்தபோது தோப்பு இருந்த திக்கில் வானம் வெறிச்சென்று தெரிந்தது. தப்பான பாதையில் வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பார்த்தார். மரம் ஒன்றுகூட இல்லை. தறித்த கட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிவைத்துவிட்டு, கோடாலிக்காரர்கள் இரண்டு பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, வற்றிய கிணற்றின் மேட்டில் சீனியம்மாள் இருந்தாள்.

"கூலிய நீங்க வந்து குடுப்பீகன்னு அக்கா சொல்லுச்சுண்ணே. காலையிலருந்து வெட்டுறோம்" என்றார் ஒருவர்.

நல்லகாமன் கவரை எடுத்து அப்படியே அவர் கையில் கொடுத்தார். அந்த ஆள் எண்ணிப் பார்த்துவிட்டு, இது ஜாஸ்தி அண்ணே என்று கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நல்லகாமன் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் மிச்சத்தைச் சீனியம்மாள் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து அதன்கீழ் வைத்துவிட்டுப் போனார்கள்.

"பச்சை இருந்துச்சே மதினி. காலையில கீறிப் பாத்தேனே. ஏன் மதினி இப்படிப் பண்ணுனீக?"

அவள் அவர் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, அதன் ஜரிகையைத் திருப்பிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு ஆம்பள எவன் படியிலயும் போயி நின்னதில்ல. நீங்க எனக்காக நின்னீக. மரம் செத்துப் போச்சுன்னு சொன்னா நம்பவா போறீக? வேர்ல உசுரு இருக்கு, கிளையில பச்சை இருக்குன்னு சொல்லிட்டு மறுபடி பஸ் ஏறுவீக. அவுக மறுபடி நிக்க வைப்பாக. அதான் கொழுந்தனாரே, ஆள் விட்டு வெட்டச் சொன்னேன்."

நல்லகாமன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் செத்த அன்றுகூட ஊருக்கு முன்னால் அழாதவர், முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். சீனியம்மாள் அவருடைய முதுகில் கை வைத்தாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்:

"பச்சை இருந்த மரம் எதுன்னு எனக்குத் தெரியும். அதத்தான் மொதல்ல வெட்டச் சொன்னேன்."